ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி: அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டுக்கு மூளை அறுவை சிகிச்சை என்பது உண்மையிலேயே நடப்பதுதானா?

நடப்பதுதான். கால்நடைகளுக்குச் செய்யப்படும் மூளை அறுவைகளுள் மிகப் பரவலானதும், மிக எளிய கருவிகளைக் கொண்டு செய்யக்கூடியதும், செம்மறியாட்டின் அல்லது வெள்ளாட்டின் மூளையில் வளர்ந்த நீர்க்கட்டியை வெளியே எடுப்பதாகும். கட்டியால் அழுத்தப்பட்ட ஆடு ஒரே பக்கமாக வட்டமிட்டுச் சுற்றுவதால் இதைத் தலைசுற்று நோய் என்று இப்பக்கத்தில் குறிப்பிடுகிறோம். மனித மூளை அறுவைக்குத் தேவைப்படும் நுண்ணோக்கியோ பெரிய அறுவை அரங்கமோ இதற்குக் கட்டாயமில்லை. கட்டி மூளையின் மேற்பரப்பை ஒட்டி இருந்து, அது இருக்கும் இடம் சரியாகக் கணிக்கப்பட்டு, மயக்க மருந்தை ஆடு தாங்கிக்கொண்டால், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் மாவட்ட அளவிலான மருத்துவமனையிலேயே இதைச் செய்துவிட முடியும். கடினமான பகுதி துளையிடுவது அன்று, எங்கே துளையிடுவது என்று முடிவு செய்வதுதான். கீழே உள்ள பதில்களில் மிக நீண்டது அதைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுவே.

மூளைக்குள் நீர்க்கட்டி எப்படி வருகிறது?

நாயிடமிருந்து வருகிறது. டீனியா மல்டிசெப்ஸ் என்னும் நாடாப்புழு நாய், நரி, குள்ளநரி, ஓநாய் ஆகியவற்றின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்திலும், தண்ணீர்த் தொட்டியிலும், பட்டியில் போடும் தழையிலும் விழுகின்றன. புல்லோடு முட்டையை விழுங்கும் ஆட்டின் குடலில் முட்டை பொரிந்து, வெளிவரும் நுண்கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. செம்மறியாட்டில், மூளையையோ தண்டுவடத்தையோ சென்றடைபவை மட்டுமே பிழைத்து வளர்கின்றன, மற்றவை வழியிலேயே மடிகின்றன. வெள்ளாட்டில் தசையிலும் தோலுக்கு அடியிலும்கூடச் சில வேளைகளில் கட்டிகள் வளர்வதுண்டு.

மூளையில் தங்கிய கரு, சீனூரஸ் செரிப்ராலிஸ் எனப்படும் நீர்ப்பையாக மெல்ல மெல்லப் பெரிதாகிறது. முழு வளர்ச்சிக்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆகும். அப்போது அது ஓர் எலுமிச்சம்பழ அளவை எட்டக்கூடும், சில ஆடுகளில் அதையும் தாண்டும். பையின் உட்சுவரில் அரிசிக் குருணை போன்ற வெண்புள்ளிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை. ஒரே பையில் இத்தகைய தலைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதுண்டு. நாய் ஒன்று அந்தப் பையைத் தின்றுவிட்டால், ஒவ்வொரு தலையும் அதன் குடலில் ஒரு முழுப்புழுவாக வளரும் வாய்ப்புண்டு. ஆட்டுப் பையும் நாயின் புழுவும் ஒரே உயிரியின் இரு பருவங்கள்தாம் என்பதை 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் கூகென்மைஸ்டர், ஒன்றை மற்றொன்றுக்குத் தின்னக் கொடுத்துச் செய்த சோதனைகளால் நிறுவினார்.

இது புதிய சிகிச்சையா?

மண்டையோட்டில் துளையிடுவது மிகப் பழைய வித்தை. பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள ஷாம்ப்-டியூரான் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் கிடைத்த ஒரு பசுவின் மண்டையோட்டில், கல்லாயுதத்தால் சுரண்டியும் வெட்டியும் இட்ட துளை இருப்பதை ஆய்வாளர்கள் 2018இல் விவரித்தார்கள். அதன் காலம் கி.மு. 3400க்கும் 3000க்கும் இடைப்பட்டது. எலும்பு ஆறிய அடையாளம் இல்லாததால் பசு பிழைக்கவில்லை, அல்லது ஏற்கெனவே செத்த பசுவின் மீது கைப்பழக்கம் செய்தார்கள் என்று கருத இடமுண்டு. அது சிகிச்சையா பயிற்சியா என்பதை எலும்பு மட்டும் சொல்லிவிடாது.

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ எழுத்துகளில், வலிப்பு நோய் தெய்வ கோபம் அன்று என்று வாதிடும் ஒரு பகுதி, சான்றுக்கு வெள்ளாட்டையே அழைக்கிறது. அந்நோய் கண்ட ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாற்றமடித்துக் கிடக்கும் என்கிறது. அந்த நீர் இந்தக் கட்டியாகவே இருக்கலாம் என்பது கால்நடை மருத்துவர்கள் பலரின் ஊகம்.

எந்த அறிகுறிகளைக் கண்டதும் ஐயப்பட வேண்டும்?

நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முட்டைகளை ஏராளமாக விழுங்கிய இளங்குட்டிகளில், நுண்கருக்கள் மூளைக்குள் ஊர்ந்து செல்லும்போதே வீக்கம் ஏற்பட்டுக் காய்ச்சல், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை சில வாரங்களில் தோன்றி, குட்டி இறந்துபோவதும் உண்டு. அந்தக் கட்டத்தில் வெளியே எடுப்பதற்குக் கட்டி என்று எதுவும் இருக்காது, ஆகவே அறுவைக்கு இடமில்லை.

இரண்டாவது கட்டமே பெரும்பாலானோர் காண்பது. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள ஆடு மந்தையை விட்டுப் பின்தங்கும். சுவரிலோ வேலியிலோ தலையை முட்டுக்கொடுத்து நிற்கும். ஒரு பக்கமாகவே வட்டமிடும். ஒரு கண்ணில் பார்வை குறைந்து அந்தப் பக்கம் உள்ள கம்பத்தில் இடித்துக்கொள்ளும். தீனியை வாயில் வைத்தபடி மெல்ல மறந்து நிற்கும். இவை வாரக்கணக்கில் சிறிதுசிறிதாகக் கூடுவதுதான் இந்நோயின் தனித்தன்மை. முதிர்ந்த ஆடுகளில் எதிர்ப்புத் திறன் ஏற்பட்டுவிடுவதால் இது மிக அரிது. ஐந்து வயதுப் பெட்டை திடீரெனச் சுற்றினால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

சுற்றுகிற ஆடுகளுக்கெல்லாம் மூளையில் கட்டி என்று கொள்ளலாமா?

கூடாது. அறுவை மேசை வரை போய்விட்டுத் திரும்பும் ஆடுகளில் பல, வேறு நோய் உடையவையாகவே இருக்கின்றன.

லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா மூளைத்தண்டைத் தாக்கும்போது ஆடு சுற்றும். ஆனால் அதோடு காய்ச்சலும், ஒரு பக்கக் காது தொங்குவதும், உதடு சரிவதும், எச்சில் ஒழுகுவதும் சேர்ந்து சில நாட்களிலேயே ஆடு படுத்துவிடும். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) தின்ற மந்தைகளில் இது அதிகம். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாட்டில் இரண்டு கண்களும் ஒருசேரக் குருடாகும், தலை வானத்தைப் பார்த்து மடங்கும். தானியத்தை அளவுக்கு மீறித் தின்ற ஆடுகளில் இது வரும், ஊசிக்கு விரைவில் கட்டுப்படும் என்பதால் ஐயம் உள்ள ஆடுகளுக்கெல்லாம் முதலில் தயமின் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். உட்காதில் சீழ் பிடித்தால் தலை ஒரு பக்கம் சாயும், ஆனால் பார்வை கெடாது. மூக்குப் பூச்சியின் புழுக்கள் நெற்றி எலும்பின் காற்றறைகளில் இருக்கும்போதும் ஆடு தலையை உதறித் தள்ளாடும், அப்போது மூக்கில் சளி ஒழுகும். மூளைச் சீழ்க்கட்டி, அடிபட்ட மண்டையோடு, ஈய நச்சு ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநோய். நாய் கடித்த ஆட்டின் நடத்தை மாற்றத்தை மூளைக்கட்டி என்று எண்ணி வாய்க்குள் கைவிட்டவர்களும் மண்டையைத் திறந்தவர்களும் உயிரையே பணயம் வைக்கிறார்கள். அறிகுறி தோன்றிச் சில நாட்களே ஆகி, விரைவாக மோசமாகி, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும் ஆட்டுக்கு எவரும் அறுவையைப் பற்றிப் பேசக்கூடாது. இந்த இடத்தில் அவசரம் காட்டும் உரிமையாளரிடம் மருத்துவர் கடுமையாகப் பேசினால், அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கட்டி எங்கே இருக்கிறது என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

சி.டி. ஸ்கேன் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை: கட்டியின் இடம், ஆழம், எண்ணிக்கை மூன்றும் படத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு வெள்ளாட்டின் விலையையும், ஸ்கேன் வசதியுள்ள ஊருக்கு அதைக் கொண்டுசெல்லும் செலவையும் ஒப்பிட்டால், பெரும்பாலான ஆடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் நீர்க்கட்டி தெரியாது, மெலிந்த எலும்பு மட்டுமே சில வேளைகளில் தென்படும். ஆகவே பழைய வழியில், ஆட்டின் நடத்தையையே வரைபடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பெருமூளையின் ஓர் அரைக்கோளத்தில் கட்டி இருந்தால், ஆடு பொதுவாகக் கட்டியுள்ள பக்கமாகச் சுற்றும், பார்வை குறைவதோ எதிர்ப்பக்கக் கண்ணில். பார்வையைச் சோதிக்க, ஒரு கண்ணை மூடிவிட்டு மற்றக் கண்ணை நோக்கி விரலைச் சட்டென்று நீட்டுகிறார்கள். காற்றோ விரலோ இமைமயிரில் படக்கூடாது, பட்டால் தொடு உணர்வாலேயே ஆடு இமைத்துவிடும், சோதனை பொய்த்துப்போகும். பார்வை இழந்த அந்தக் கண்ணில் விளக்கொளி பட்டால் பாவை மட்டும் சுருங்கும். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆக, ஆடு வலப்பக்கம் சுற்றி, இடக்கண் தெரியாமல் இருந்தால், கட்டி வல அரைக்கோளத்தில் இருக்கிறது என்ற கணிப்புக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்துவிடுகின்றன. இரண்டும் முரண்பட்டால் கண்ணின் சாட்சியை நம்புவதே மேல், ஏனெனில் சுற்றும் திசை சில ஆடுகளில் மாறிவிடுவதுண்டு. வட்டத்தின் அகலமும் ஒரு குறிப்பு: அகன்ற வட்டம் பொதுவாக மேற்பரப்புக் கட்டியையும், தன் காலையே சுற்றிவருவது போன்ற குறுகிய வட்டம் ஆழமான கட்டியையும் காட்டும்.

சிறுமூளையில் கட்டி இருந்தால் கதை வேறு. ஆடு சுற்றாது. கால்களை அளவுக்கு மீறித் தூக்கி வைத்து, அகலக் கால் பரப்பி நின்று, தலை நடுங்கி, திரும்பும்போது விழும். பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கடைசியாக, விரல். கொம்பின் அடியிலிருந்து பிடரி வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால், வளர்ந்த கட்டியின் அழுத்தத்தால் எலும்பு அட்டைபோல் மெலிந்து, ஓரிடத்தில் விரலுக்கு இடம் கொடுக்கும். கிடையில் உள்ள மூத்த மேய்ப்பர்கள் இதை நன்கு அறிவார்கள். இது எல்லா ஆடுகளிலும் இருக்காது, இருந்தாலும் நோய் முற்றிய பிறகே தோன்றும். மெலிந்த இடத்துக்கு நேர் கீழேதான் எப்போதும் கட்டி இருக்கும் என்றும் கொள்ள முடியாது. கண்ணும் விரலும் ஒரே இடத்தைக் காட்டும் ஆடுதான் அறுவைக்கு மிகச் சிறந்த ஆடு. எலும்பு நன்றாக மெலிந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் அடியில் உள்ள நீர்ப்பை கறுப்பாகத் தெரிவதும் உண்டு.

மருந்து கொடுத்தே கரைத்துவிட முடியாதா?

பிராசிகுவான்டெல், அல்பெண்டசோல் ஆகிய மருந்துகள் தொடக்கக் கட்டத்தில், கரு இன்னும் சிறிதாக இருக்கும்போது பயன் தரலாம். முழுதாக வளர்ந்த பையில் மருந்தால் புழுத்தலைகள் செத்தாலும், பை அங்கேயே இருக்கும், அழுத்தமும் குறையாது. செத்த பையைச் சுற்றி எழும் வீக்கத்தால் ஆட்டின் நிலை மோசமாவதும் உண்டு. சுற்றத் தொடங்கிய ஆட்டுக்கு மாதக்கணக்கில் குடற்புழு மருந்து மாற்றி மாற்றி ஊற்றிக் காலத்தைக் கடத்துவதால் ஒரு நன்மையும் இல்லை. மண்டையில் சூடு போடுவதாலும் அப்படியே.

எந்த ஆட்டுக்கு அறுவை வேண்டாம் என்று சொல்வீர்கள்?

எழுந்து நிற்கவே முடியாமல் பல நாட்கள் படுத்துக் கிடக்கும் ஆடு, விழுங்க முடியாத ஆடு, இடம் கணிக்க முடியாத ஆடு, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளின் அறிகுறிகள் கலந்து தெரியும் ஆடு ஆகியவற்றுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அடுத்த வாரமே விற்கவிருந்த கறிக்கிடாய்க்கும் அறுவை தேவையில்லை. மருந்துகள் எதுவும் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரின் ஆய்வுக்குப்பின் அதைக் கறிக்கு அறுத்துவிடுவது உரிமையாளருக்கும் ஆட்டுக்கும் நல்லது. நல்ல இனப் பொலிகிடா, சினைப்பெட்டை, இனி பல ஈற்றுகள் ஈனவிருக்கும் இளம் பெட்டை, இவற்றுக்காகவே பெரும்பாலும் இந்த அறுவை செய்யப்படுகிறது. வீட்டுப் பிள்ளைபோல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்காக வருகிறவர்களும் உண்டு, அந்தக் கணக்கில் மருத்துவர் தலையிட முடியாது.

மயக்க மருந்து ஆட்டுக்கு ஆபத்தானதா?

அசைபோடும் விலங்குகளுக்கு அது எப்போதுமே சற்று ஆபத்தானது. படுக்க வைத்த ஆட்டின் பெருவயிற்றில் வாயு சேர்ந்து உப்பும், வயிற்றில் உள்ள நீர் தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழாயில் இறங்கும். இதற்காகவே வளர்ந்த ஆட்டுக்கு 12 முதல் 24 மணி நேரம் தீனி நிறுத்தப்படுகிறது. "பசிக்குமே" என்று இரக்கப்பட்டு விடியற்காலையில் இரண்டு கைப்பிடித் தழை போட்டுவிட்டு அதை மறைப்பது ஆட்டைக் கொல்வதற்குச் சமம். வெள்ளாடு சைலசின் என்னும் மயக்க மருந்தை மாட்டைப்போலவே மிகக் குறைந்த அளவில்தான் தாங்கும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினையும் அளவு மீறிப் போட்டால் வலிப்பு வரும். ஆகவே ஆட்டின் எடையைத் தோராயமாகச் சொல்லாமல் தராசில் நிறுத்துச் சொல்வது பயனுள்ள உதவி.

அறுவை எவ்வாறு செய்யப்படுகிறது?

தலைமுடியை மழித்து, கிருமிநாசினியால் கழுவி, தோலை நாக்கு வடிவில் வெட்டி மடித்துவிடுகிறார்கள். எலும்பின் மேலுள்ள சவ்வை ஒதுக்கிய பிறகு, ட்ரெஃபைன் எனப்படும் வட்டப் பல்வாள் கருவியால் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வில்லையொன்று மண்டையோட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. எலும்பு மெலிந்துபோன ஆட்டில் கத்தியாலேயே வெட்டிவிட முடியும். துளையிடும் இடத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நெற்றிக்கு மிக அருகில் போனால் மூளைக்குப் பதில் காற்றறைக்குள் நுழைய நேரிடும். தலையின் நடுக்கோட்டில் போனால் அங்கே ஓடும் பெரிய இரத்தக் குடா கிழிந்து, கட்டுப்படுத்தக் கடினமான இரத்தப்போக்கு ஏற்படும். ஆகவே பெருமூளைக் கட்டிக்குக் கொம்புக்குப் பின்னால், நடுக்கோட்டை விட்டு ஒதுங்கித் துளையிடுகிறார்கள். சிறுமூளைக் கட்டிக்குப் பிடரிப் பக்கம் போக வேண்டும், அங்கே தசையும் குறுக்கே ஓடும் இரத்தக் குடாவும் இருப்பதால் அது கடினமான வழி.

மூளையுறையைக் கூட்டல் குறிபோல் கீறியதும், உள்ளழுத்தத்தால் மூளைத்திசு சற்றே பிதுங்கும். கட்டி நேர் கீழே இருந்தால் அதன் பளபளப்பான சுவரே முட்டிக்கொண்டு வரும். பிறகு மழுங்கிய குழாயைச் செலுத்தி ஊசிக்குழலால் நீரை மெதுவாக உறிஞ்சுகிறார்கள். வருகிற நீர் கிணற்று நீர்போல் தெளிவாக இருந்தால் அது புழுக்கட்டி, கலங்கலாகவும் நாற்றத்தோடும் இருந்தால் சீழ்க்கட்டி. அவசரப்பட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் அழுத்தம் சட்டென்று இறங்கி மூளைக்குள் இரத்தம் கசியும். நீர் வற்றித் தொய்ந்த பையின் சுவரை இடுக்கியால் பிடித்து, திருகியபடி மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறார்கள். நீரை மட்டும் எடுத்துவிட்டுச் சுவரை உள்ளே விட்டால் வேலை முடிந்ததாகாது. எலும்பு வில்லை திரும்ப வைக்கப்படுவதில்லை. சவ்வும் தோலும் தைக்கப்படுகின்றன.

அறுவைக்குப் பின் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதலில் தனிக்கொட்டில். துளையிட்ட இடத்தில் மூளைக்கு மேல் தோல் மட்டுமே காவல் என்பதால், முட்டும் கிடாய்களோடும் தாழ்ந்த கழுநீர்த் தொட்டிகளோடும் சில வாரங்களுக்கு ஆடு சேரக்கூடாது. மயக்கம் தெளியும்வரை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி, வலிநிவாரணி, வீக்கம் குறைக்கும் மருந்து, இரணஜன்னித் தடுப்பு ஆகியவை மருத்துவர் எழுதிய நாட்கள் முழுதும் போடப்பட வேண்டும். சினையாட்டுக்கு ஸ்டீராய்டு கருச்சிதைவை உண்டாக்கக்கூடும், ஆகவே சினை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவும். வெயில் காலத்தில் காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதுதான் பெரிய தொல்லை, நாள்தோறும் பார்த்து ஈவிரட்டி மருந்தைக் காயத்தைச் சுற்றி மட்டும் தடவலாம். தையலை 10 முதல் 14 நாட்களில் பிரிக்கிறார்கள். இம்மருந்துகளுக்குரிய விலக்குக்காலம் முடியும்வரை பாலையும் இறைச்சியையும் பயன்படுத்தக்கூடாது.

ஆடு முழுமையாகக் குணமாகுமா?

மேற்பரப்பில் இருந்த ஒற்றைக் கட்டி முழுதாக வெளிவந்திருந்தால், பெரும்பாலான ஆடுகள் தேறிவிடுகின்றன. சில அன்றைக்கே எழுந்து நின்று தழையைத் தேடும். சுற்றுவது சில நாட்களில் தணியும், பார்வை திரும்ப வாரங்கள் ஆகலாம், நெடுநாள் அழுத்தப்பட்டிருந்தால் திரும்பாமலும் போகலாம். சிறுமூளைக் கட்டிகளில் பலன் குறைவு. முதல் இரண்டு மூன்று நாட்களில் முன்னேற்றம் தெரியாமல் காய்ச்சலோ வலிப்போ வந்தால், தொற்றோ இரத்தக்கசிவோ மறைந்திருந்த இரண்டாவது கட்டியோ காரணமாக இருக்கும்.

மாட்டுக்கும் எருமைக்கும் இதே அறுவையைச் செய்யலாமா?

மாட்டிலும் இக்கட்டி வருவதுண்டு, ஆனால் மிகக் குறைவு. வளர்ந்த மாட்டின் எலும்பு தடித்தது, காற்றறை பிடரி வரை பரந்தது என்பதால் துளையிடும் வழியும் கடினம். ஆகவே கன்றுகளுக்கே பெரும்பாலும் முயல்கிறார்கள். இமயமலை மேய்ச்சல் நிலங்களில் இளம் யாக்குகளை இந்நோய் பெரிதும் வாட்டுகிறது, அங்கும் மந்தைக்காவல் நாய்களே காரணம்.

நாங்களே துளையிட்டு எடுத்துவிடலாமா? மூத்த மேய்ப்பர்கள் செய்திருக்கிறார்களே?

பல நாடுகளில் மேய்ப்பர்கள் கத்தியாலும் இறகுக் குழாயாலும் செய்தது உண்மை. மயக்க மருந்தின்றி மண்டையோட்டைத் திறப்பதை இன்று ஏற்க முடியாது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே இதைச் செய்யலாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைத்து முதற்கட்டப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்றால் நமக்கும் வருமா?

வராது. மனிதருக்கு இந்நோய் மிக அரிதாக வருவதுண்டு, ஆனால் அது நாயின் மலத்திலுள்ள முட்டை கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ வாய்க்குள் போவதால் வருவது. ஆட்டின் மூளையில் உள்ள பை மனிதக் குடலில் புழுவாவதில்லை. தலைக்கறி வாங்குகிறவர்கள் மூளையில் நீர்ப்பை கண்டால் அருவருத்து விலக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை. விலக்கியதை எங்கே எறிகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எடுத்த கட்டியை என்ன செய்ய வேண்டும்?

எரிக்க வேண்டும், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். கண்ணாடிக்குப்பியில் போட்டு ஊராருக்குக் காட்டுகிறவர்கள், காட்டி முடித்ததும் அதைக் குப்பைமேட்டில் கொட்டிவிடக்கூடாது. ஓர் ஆட்டைக் காப்பாற்ற எடுத்த பையைக் கொட்டிலோரம் படுத்திருக்கும் நாய் நக்கித் தின்றுவிட்டால், ஏறத்தாழ ஆறு வாரங்களில் அந்த நாய் முட்டைகளை மேய்ச்சல் நிலமெங்கும் தூவத் தொடங்கிவிடும். செத்த ஆட்டின் தலையும், கறிக்கடையில் கழிக்கும் தலையும் இதே விதிக்கு உட்பட்டவை.

எங்கள் பட்டியில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று ஆடுகள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அறுவைதான் வழியா?

அப்படியானால் நோயாளி உங்கள் ஆடு அன்று, உங்கள் நாய். பட்டி நாய்கள் அனைத்துக்கும், ஒன்றுகூட விடாமல், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் பிராசிகுவான்டெல் மாத்திரையை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஐவர்மெக்டின் ஊசி நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. மாத்திரை கொடுத்த பிறகு இரண்டு நாட்கள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தைப் பொறுக்கிப் புதைத்துவிடவும். பச்சைத் தலையையோ மூளையையோ நாய்க்குப் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமானால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள். இன்றைக்கே தொடங்கினாலும், ஏற்கெனவே முட்டை விழுங்கிய குட்டிகள் இன்னும் சில மாதங்களுக்குச் சுற்றத்தான் செய்யும், அதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.